ஆறு மணிப் புள்ளி

கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கையில் ஒரு தகரப் பெட்டியும் மணிக்கட்டில் ஒரு புது வாட்சும் இருந்தன. 1987, ஜூலை மாதம். எனக்கு வயது இருபத்தொன்று. நர்ஸிங் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை என்பதால் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது. அது அன்றைக்குச் சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரி அணைக்குப் போகிற சாலையில், கரும்புத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது. ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தியது. இன்று அது இல்லை, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள், பெயர் எதற்கு. ஓடு வேய்ந்த ஒரே நீள வார்டு. இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக இருபது இரும்புக் கட்டில்கள். உள்ளே நுழைந்ததும் பினாயில் வாசனை வந்தது. அதற்கு அடியில் நாள்பட்ட பஞ்சு மெத்தையின் வாசனை. வாசலருகே நர்ஸ் மேசை. வார்டின் கடைக்கோடிக்குப் பகலிலும் வெளிச்சம் சரியாக எட்டாது. அங்கேதான் தண்ணீர்க் குழாயும், அதை ஒட்டிப் பதினோராம் நம்பர் கட்டிலும் இருந்தன.

ஹெட் சிஸ்டர் ரங்கம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். இடுப்பில் மருந்து அலமாரிச் சாவி. "வா பாப்பா" என்றார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து நான் எல்லோருக்கும் பாப்பா. தோட்டக்காரருக்குப் பாப்பா, சமையல்காரருக்குப் பாப்பா. நோயாளிகளும் கேட்டுக் கேட்டுப் பழகி, "பாப்பா, சிஸ்டரக் கூப்புடு" என்று என்னிடமே சொன்னார்கள். பூமாலை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மாள் தன் வாயால் என்னை ஒரு தடவை சிஸ்டர் என்று கூப்பிட வேண்டும். இன்றைக்கு நினைத்தால் அற்பமாக இருக்கிறது. அன்று அதற்காக எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு சார்ட் தொங்கும். சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சூடும் நாடியும் பார்த்து அதில் புள்ளி வைக்க வேண்டும். சூட்டுக்கு நீலம், நாடிக்குச் சிவப்பு. புள்ளிகளைக் கோட்டால் சேர்க்க வேண்டும். நான் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, விநாடி முள்ளைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுவேன். எங்கள் நர்ஸிங் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வார்டைச் சுற்றி வர எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அதற்குள் மேசையில் டீ ஆறிப்போயிருக்கும். பெரும்பாலும் எனக்கு ஊற்றியே இருக்க மாட்டார்கள்.

அங்கே வழக்கம் வேறு. டியூட்டிக்கு வந்ததும் எல்லாச் சார்ட்டையும் மேசைக்குக் கொண்டுவந்து, அந்த டியூட்டி முடிகிற வரைக்குமான புள்ளிகளை ஒரே மூச்சில் வைத்துவிடுவார்கள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, எண்பது. அடுத்தது, தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, எண்பது. இதற்குக் கோலம் போடுவது என்று பெயர். கொளஞ்சி அக்கா என்று ஒரு சீனியர் நர்ஸ், நாற்பது வயது, எப்போதும் மடியில் ஒயர் கூடை பின்னிக்கொண்டிருப்பார். நான் வாட்சும் கையுமாக அலைவதைப் பார்த்து, "இன்னா பாப்பா, எங்களுக்கெல்லாம் எண்ணத் தெரியாதுன்னு காட்டறியா?" என்று ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ரங்கம்மாள் மோசமான நர்ஸ் இல்லை. வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும், எந்தக் கட்டிலில் காய்ச்சல், எந்தக் கட்டிலில் புண் சீழ் வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நடக்கிறபோதே நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் வைத்த புள்ளிகளுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக் கண் இருந்தது. என்னிடம் அது இல்லை. என்னிடம் வாட்ச் மட்டும்தான் இருந்தது.

செப்டம்பரில் மறியல் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறித்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம், மூங்கில்துறைப்பட்டில், என் அண்ணனும் போயிருந்தான். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். மின்கம்பியும் டெலிபோன் கம்பியும் மரத்தோடு போயின. கள்ளக்குறிச்சிக்குப் போன டாக்டர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ரங்கம்மாள், கொளஞ்சி அக்கா, நான் மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

அதுவரை அந்தச் சாலையில் பஸ் ஓடும் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. அது நின்ற பிறகுதான் காது அடைத்தது. ஃபேன் இல்லை, ரேடியோ இல்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

மூன்றாம் நாள் காலை, மலையிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஊர். கம்பில் போர்வையைக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, புருஷனும் இன்னும் மூன்று பேரும் விடிய விடிய நடந்து வந்திருந்தார்கள். அவள் பெயர் செல்லியம்மாள். வயது கேட்டதற்குச் சிரித்தாள், தெரியவில்லை. என்னைவிடச் சின்னவள். புருஷன் பெயர் பச்சமுத்து. பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரங்கம்மாள்தான் பிரசவம் பார்த்தார். அந்த அம்மாள் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு என் டியூட்டி. ரங்கம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஆறு மணிக்கு எழுப்பு. அலையாம ஒக்காரு, அதுங்களும் தூங்கட்டும்" என்றார். பக்கத்து அறையில் போய்ப் படுத்தவர் உடனே தூங்கிவிட்டார்.

சாவி கனமாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வார்டில் ஆறே ஆறு நோயாளிகள்தான். சுற்றி வந்தால் பத்து நிமிடம். நான் எழுந்தேன். கொளஞ்சி அக்கா கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாவி வந்தும் பாப்பா பாப்பாவாத்தான் இருக்குது" என்றார்.

நான் உட்கார்ந்தேன். வாட்சைக் கழற்றி மேசை டிராயருக்குள் வைத்தேன். சார்ட்டுகளை எடுத்து வந்து கோலம் போட்டேன். இரண்டு மணிப் புள்ளி, ஆறு மணிப் புள்ளி. பதினோராம் நம்பருக்கும் போட்டேன். எண்பதிலிருந்து எண்பதுக்குச் சிவப்புக் கோடு இழுத்தேன். மணி அப்போது இரண்டு இருபது. கொளஞ்சி அக்கா எட்டிப் பார்த்து, கையெழுத்து நல்லா இருக்குது என்றார். பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அதுதான் அவர் கையால் நான் குடித்த முதல் டீ.

மூன்று மணிக்குப் பதினோராம் நம்பரிலிருந்து முனகல் கேட்டது. போனேன். செல்லியம்மாள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குளிர்கிறது என்றாள். செப்டம்பர் வெயிலில் என்ன குளிர் என்று நினைத்தேன், ஆனாலும் இரண்டாவது கம்பளியை எடுத்துக் கழுத்து வரை போர்த்திவிட்டேன். அவள் கம்பளிக்குள்ளிருந்து வலது கையை வெளியே நீட்டினாள்.

"கையப் புடிச்சிப் பாரும்மா. உள்ளுக்குள்ள இன்னாவோ ஓடிக்கினே இருக்குது."

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கொளஞ்சி அக்கா பின்னுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியாச்சு. நீ நல்லா இருக்க" என்றேன்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கை கம்பளிக்குள் போகவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, கட்டிலுக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது.

மூன்றரைக்கு மறுபடி தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். கை நீட்டியபடியே இருந்தது. நாலு மணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

வார்டின் கடைசியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

சொட்டு.

சொட்டு.

"கொழாய யாரோ சரியா மூடல" என்று கொளஞ்சி அக்கா சொன்னார். ஆமாம் என்றேன். எழுந்து போய் மூட இருவருக்கும் சோம்பல். டீ இன்னும் பாதி இருந்தது. அவர் தன் மாமியார் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார், அதையும் விட மனமில்லை.

ஐந்து மணிவாக்கில் அந்தச் சத்தம் நின்றது. அதையும் கவனித்தேன். நின்றுவிட்டதே, நல்லது என்றுதான் நினைத்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரங்கம்மாளை எழுப்பினேன். முகம் கழுவிக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மூச்சை இழுத்தார்.

"பதினொன்ன யார் பாத்தது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஓட ஆரம்பித்தார். அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கம்பளியைத் தூக்கினார். மெத்தை முழுக்கக் கறுத்திருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த எனாமல் தட்டு நிறைந்து, வழிந்து, தரையில் காய ஆரம்பித்திருந்தது. குழாயைப் பார்த்தேன். அதன் வாய் வறண்டு காய்ந்துகிடந்தது. மறியல் தொடங்கிக் கரண்ட் போன நாளிலிருந்தே அதில் தண்ணீர் வரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குழந்தை அம்மாவின் மாரில் வாய் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிலில் அது மட்டும்தான் சூடாக இருந்தது.

நீட்டியிருந்த கையை அப்போதுதான் பிடித்தேன். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தேன். வாட்ச் கூட இல்லை. ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பு என் விரல் நுனிகளுக்குள் ஏறியது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. விரலை எடுத்த பிறகும் தெரியவில்லை.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

ரங்கம்மாள் சார்ட்டைப் பார்த்தார். ஆறு மணிப் புள்ளியைப் பார்த்தார். சூடு தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, நாடி எண்பது. மை காய்ந்து மூன்றரை மணி நேரமாகியிருந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அந்த அம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொளஞ்சி அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தூரத்தில் யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது.

அழித்து எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அழித்தால்தான் தெரியும் என்றார். ஆறு மணிக்கு நன்றாக இருந்தாள், ஏழு பத்துக்குத் திடீரென்று இரத்தப்போக்கு, சாலை மறியலால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப முடியவில்லை. சார்ட்டின் அடியில் அப்படி எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

பிறகு அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"சிஸ்டர், கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

இரண்டு மாதமாக எதற்கு ஏங்கினேனோ அது கிடைத்தது. மரியாதையோடு கிடைத்தது. போட்டேன்.

பச்சமுத்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ரங்கம்மாள் மரங்களைப் பற்றிச் சொன்னார். வேன் போக வழியில்லாததைச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"வாய்க்கா கரையோரமா தடம் இருக்குதேம்மா. மூணு மணிக்கு அவ மொனகறது எனக்கே கேட்டுதே. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வெளக்கு வைக்கறதுக்குள்ள கள்ளக்குறிச்சிக்கே தூக்கிக்கினு போயிருப்போமே" என்றார்.

அவர் ஊரில் காட்டச் சீட்டு ஏதாவது வேண்டும் என்று கேட்டார். ரங்கம்மாள் கொஞ்சம் யோசித்து, அந்தச் சார்ட்டையே கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் அலமாரியில் இருந்தால் டாக்டர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார். மலையில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று கொளஞ்சி அக்கா என் காதில் சொன்னார். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. அவர்கள் அதே கம்பில், அதே போர்வையில் அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பச்சமுத்து ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் தாளையும் வைத்திருந்தார்.

மரம்தான் கொன்றது என்று ஊரே பேசியது. எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

என் வலது கையில் அந்த மூன்று விரல்களும் அன்று மரத்தவைதான். ஊசி குத்தினால் தெரியாது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். நாடி பார்க்க இடது கையைப் பழக்கிக்கொண்டேன். கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான். அவனை முதன்முதலில் தொட்டபோது அந்த மூன்று விரல்களில் மட்டும் அவன் இல்லை. மனசும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ரங்கம்மாள் மறுவருஷம் வேலையை விட்டுப் போனார். போகிறவரைக்கும் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்துக் கூப்பிடவில்லை. சாவி என்னிடம் வந்தது. என் வார்டில் யாரும் கோலம் போட முடியாது. ஒவ்வொரு கையையும் ஒரு நிமிடம் முழுசாகப் பிடிக்க வேண்டும். பிடிக்காத பெண்ணை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நாடி சிஸ்டர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர் வந்தது. டாக்டர்களே எழுந்து நின்று பேசினார்கள். பதினோராம் நம்பர் கட்டிலில் மட்டும் நான் யாரையும் படுக்க விடவில்லை. கால் ஆட்டம் கொடுக்கிறது என்று சொல்லிவைத்திருந்தேன்.

பத்தொன்பது வருஷம் இப்படிப் போனது.

2006 மாசி மாதத்தில் ஒருநாள், மதியம் நான் வார்டுக்குள் வந்தபோது அந்தக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். காலையில் பிரசவமாம். மலைப் பெண். கட்டில்கள் காலியாக இருந்தும், தானே போய் அதில் படுத்துக்கொண்டாள் என்று நர்ஸ் பெண் சொன்னாள். பெயர் பெரியநாயகி. நல்ல ஆரோக்கியமாக இருந்தாள். அரைமணிக்கு ஒருதரம் நானே போய்ப் பார்த்தேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

இடது கையால் பிடித்தேன். வாட்சைப் பார்த்து எண்ணினேன். எழுபத்தாறு. நல்ல நாடி.

"நீங்கதான் பூமாலை சிஸ்டரா?" என்றாள். ஆமாம் என்றேன். கட்டிலுக்கடியிலிருந்த ஒயர் பையை எடுத்துத் தரச் சொன்னாள். அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டு இருந்தது. பிரித்து என் முன்னால் வைத்தாள்.

மேலே இருந்தது என் சார்ட். பழுத்துப் போயிருந்தது. பெயர் செல்லியம்மாள், கட்டில் பதினொன்று. அடியில் என் கையெழுத்து, என் பெயர். இரண்டு மணிப் புள்ளி, ஆறு மணிப் புள்ளி, நடுவே நான் இழுத்த சிவப்புக் கோடு.

கோடு அங்கே நிற்கவில்லை.

ஆறு மணிப் புள்ளிக்கு அடுத்து இன்னொரு புள்ளி. அதற்கடுத்து இன்னொன்று. எல்லாமே எண்பதில். எல்லாமே சிவப்பு. தாள் முடிந்த இடத்தில் காலண்டர் தாள் ஒன்றைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அதில் கட்டமே இல்லை, ஆனாலும் புள்ளிகள் அதே உயரத்தில் போயின. அதற்குப் பிறகு பள்ளிக்கூட நோட்டுத் தாள். பிறகு மறுபடி காலண்டர். மடித்து மடித்து ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது.

யார் இதைப் போட்டது என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

யாரும் போடுவதில்லை என்றாள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு புள்ளி வந்துவிடும். தாள் தீர்ந்தால் ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பா தினமும் விளக்கை ஏற்றிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். உங்கம்மா சீட்டில் உயிரோடுதான் இருக்கிறாள் என்பாராம். போன தை மாதம் அவர் செத்துப்போனார்.

"சாவறப்ப சொன்னாரு. இத ஆரம்பிச்சவங்க கிட்டயே குடுத்துடுன்னு."

தாள் ஒட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் இடது மணிக்கட்டில் கிடந்த வளையலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சுற்றிலும் என் நர்ஸ் பெண்கள் நின்றிருந்தார்கள். நாடி சிஸ்டர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான்தான் எழுதினேன், பொய்யாக எழுதினேன், உங்கம்மா கையை நான் தொடவே இல்லை என்று. நான் கட்டை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றினேன்.

அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"எங்கம்மா கைய ஒரே ஒரு தடவ புடிச்சிப் பாத்திருக்கலாம் இல்ல சிஸ்டர்" என்றாள்.

கடிகாரம் ஆறு அடித்தது. துணிக்குள் இருந்த கடைசித் தாளிலிருந்து சிவப்பாக ஒரு புள்ளி ஊறித் துணிக்கு வெளியே தெரிந்தது. மை ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒட்டியது நான்தான். ஆஸ்பத்திரியை மூடியபோது எழுதாமல் மிச்சமிருந்த சார்ட் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை. கணவர் இருந்தவரை, பழைய கணக்கு என்று சொல்லி அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. பையன் ஓசூரில் இருக்கிறான். தினம் ஆறு மணிக்கு அலமாரியைத் திறப்பேன், புள்ளி வருவதைப் பார்ப்பேன், மூடுவேன். பயமெல்லாம் இல்லை. காலையில் பால் வாங்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை. தெருவில் இன்றும் என்னைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம் பேனா நகரும் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம், தாள் தீர்ந்துவிட்டது. நேற்றுக் கடைசிச் சார்ட்டின் கடைசிக் கட்டத்தில் புள்ளி விழுந்தது. வீட்டில் காலண்டர் இருக்கிறது, பசையும் இருக்கிறது. நான் ஒட்டவில்லை. அலுத்துவிட்டது. அந்தப் பெண் எதற்கு வளையலை இறக்கிவிட்டாள் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது.

சற்றுமுன் ஆறு அடித்தது. மேசைமேல் தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். தாளின் ஓரத்தில் நேற்றைய புள்ளி. அதைத் தாண்டினால் வெறும் பலகை.

பலகையில் ஒன்றும் விழவில்லை.

கொல்லைப்புறத்தில் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டது. குழாயாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு எழுந்துபோய்ப் பார்த்தேன், இந்தத் தடவை சோம்பல்படவில்லை. குழாய் காய்ந்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது இடது மணிக்கட்டில் ஈரமாக ஏதோ பட்டது. வாட்ச் கட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நாடி பார்க்கிற இடத்தில், அந்தப் பெண் வளையலால் மறைத்த அதே இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. இரத்தம் என்று நினைத்துத் துடைத்தேன். மை. துடைத்தும் போகவில்லை.

வலது கையின் மூன்று விரல்களையும் அதன்மேல் வைத்தேன்.

தெரிந்தது.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த விரல்களுக்குத் தெரிந்தது. ஜில்லென்ற ஒரு கை. வயசான கை இல்லை, இளம் பெண்ணின் கை. தோலுக்கடியில் என்னவோ ஓடிக்கொண்டே இருந்தது. நான் விடவில்லை. வாட்சை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன்.

எண்பது.

புள்ளியிலிருந்து மெல்லியதாக ஒரு கோடு கிளம்பியிருக்கிறது. நாளைய புள்ளிக்கு. முழங்கை வரைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.